ராஜா கேடயம் ராஜாவுக்கு, பேட்ஜ் ஊருக்கு

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்லிப்பரி ராக் என்று ஒரு சின்ன ஊர். 'வழுக்குப்பாறை' என்று மொழிபெயர்த்தால் ஏதோ தென்காசிப் பக்கத்துக் கிராமம் மாதிரி இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு கேம்ப் மைதானம். கொரோனாவால் நின்றுபோன இரண்டு வருஷங்களைத் தள்ளிவிட்டால், ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் பத்தாயிரம் பேர் அளவில் அங்கே வந்து கூடாரம் அடிக்கிறார்கள். இரண்டு வாரம் கூத்து. சாஃப்ட்வேர் ஆசாமி கவசம் மாட்டிக்கொண்டு பிரம்பு வாளால் அடி வாங்குகிறார். நர்ஸம்மா 14ஆம் நூற்றாண்டு முறைப்படி பீர் காய்ச்சுகிறார். கணக்கு வாத்தியார் தோல் செருப்பு தைக்கிறார். இதற்குப் பென்சிக் போர் என்று பெயர். 1972ல் தொடங்கியது. கிழக்கு ராஜ்யத்துக்கும் மிடில் ராஜ்யத்துக்கும் சண்டை, தோற்றவன் பிட்ஸ்பர்க் நகரத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் காலத்து ஜோக். (ஜெயித்தவன் இல்லை, தோற்றவன்! பிட்ஸ்பர்க்காரர்கள் மன்னிப்பார்களாக.)

இந்தக் கூட்டத்துக்குப் பெயர் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம், சுருக்கமாக எஸ்.சி.ஏ. 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் பார்ட்டியாக ஆரம்பித்தது. பார்ட்டி முடிந்து '20ஆம் நூற்றாண்டு ஒழிக' என்கிற பாணியில் தெருவில் ஊர்வலமும் போனார்கள். அப்படி ஆரம்பித்த விளையாட்டு இன்று உலகம் முழுக்க 20 'ராஜ்யங்களாக'ப் பிரிந்து கிடக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து ஒரு ராஜ்யம், ஐரோப்பா ஒரு ராஜ்யம். ராஜாவாக ஓட்டு வாங்க வேண்டாம், பிரம்பு வாள் போட்டியில் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தவருக்குப் பதவி பல இடங்களில் ஆறு மாதம்தான். அதற்குப் பிறகு அடுத்தவர்.

வேஷம் போடுவதைக் கிண்டல் பண்ணுவது இங்கே நோக்கமில்லை. மார்கழியில் சபா சபாவாக அலைவதும், கிரிக்கெட் மேட்சுக்கு முகத்தில் பெயின்ட் அடிப்பதும் எந்த வகையிலும் இதைவிடப் புத்திசாலித்தனமான காரியங்கள் இல்லை. மேட்டர் என்னவென்றால், அந்தக் கூடாரங்களுக்கு மேல் பறக்கும் கொடிகள். யார் எதைக் கட்டலாம் என்று அங்கே ஒரு தகராறு தீராமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பொழுதுபோகாதவர்களின் சண்டை. உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு கூட்டத்தின் அடையாளம் யாருக்குச் சொந்தம் என்கிற சண்டை. அது எல்லா ஊரிலும் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் இலக்கணம். எஸ்.சி.ஏ.வில் ஹெரால்டுகள் என்று ஒரு படை உண்டு. நம்ம தெருக்கூத்துக் கட்டியக்காரன் மாதிரி சபையில் நின்று சத்தம் போட்டு அறிவிப்பவர்கள், ஆனால் கையில் தடிமனான பதிவேடும் இருக்கும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு கேடயச் சின்னத்தை வரைந்து இவர்களிடம் பதிவு செய்துகொள்ளலாம். ஒருவர் சின்னம் மாதிரி இன்னொருவருக்குக் கிடையாது. இது தனிச் சொத்து.

இது போக ராஜ்யத்துக்கென்று ஒரு கேடயச் சின்னம். அதில் லாரல் இலை வளையம் இருக்கும். அந்த வளையத்தை தனிநபர் யாரும் தன் சின்னத்தில் போட முடியாது, எஸ்.சி.ஏ.வின் கிளைகளுக்கு மட்டும் ஒதுக்கியது. கூடவே கிரீடமும் இருக்கும். பொது வழக்கப்படி இந்தக் கேடயம் பட்டத்தில் இருப்பவருடையது. ராஜ்யத்தின் பேரில் ராஜாவும் ராணியும்தான் அதைத் தரிக்கலாம், பறக்கவிடலாம்.

மூன்றாவதுதான் விஷயமே. பாப்புலஸ் பேட்ஜ் என்பார்கள், குடிமக்கள் பேட்ஜ். கிழக்கு ராஜ்யத்துக்கு நீல நிற 'டைகர்'. (நம்மூர்ப் புலியை நினைத்துக்கொள்ளாதீர்கள். புலியைப் பார்த்தே இராத ஐரோப்பியச் சித்திரக்காரன் கற்பனையில் வரைந்தது. ஓநாய் உடம்பு, மூக்கில் ஒரு கொக்கி. நேரில் வந்தால் நம்ம தெருநாய்களே துரத்திவிடும்.) மிடில் ராஜ்யத்துக்குப் பச்சை டிராகன். இதை அந்த ராஜ்யத்தில் இருக்கும் எவரும், நேற்று சேர்ந்தவர் உட்பட, யாரிடமும் கேட்காமல் சட்டையில் தைக்கலாம், கூடாரத்தில் கட்டலாம், பீர்க் குவளையில் வரையலாம்.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சண்டை எங்கிருந்து வருகிறது?

ஒரு பெண் புதிதாகச் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்வக்கோளாறு. ராஜ்யத்தின் சின்னம் எது என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது கிரீடமும் லாரல் வளையமும் போட்ட அந்தப் பெரிய கேடயம்தான். மூன்று ராத்திரி கண் விழித்துத் துணியில் தைத்துக் கூடாரத்தின் மேல் கட்டுகிறாள். காலையில் ஒரு ஹெரால்டு வந்து நிற்கிறார். "இதை நீங்கள் கட்டக்கூடாது. இது ராஜாவுடையது." அவ்வளவுதான், போய்விடுகிறார். அவள் கொடியை இறக்குகிறாள். அடுத்த வருஷம் வருவாளா?

வந்தால் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிடுவாள். அந்தக் கட்சியின் வாதம் சாதாரணமானதல்ல. "ஆறு மாதம் ராஜா. குச்சியைச் சுழற்றத் தெரியும் என்பதால் ராஜா. வருஷம் முழுக்கச் சமைப்பது, தைப்பது, கணக்கு எழுதுவது, கழிவறைக்கு ஆள் ஏற்பாடு பண்ணுவது எல்லாம் நாங்கள். சந்தா கட்டுவதும் நாங்கள். ராஜ்யத்தின் சின்னம் மட்டும் எங்களுக்கு இல்லையா? ஏதோ ஆறுதல் பரிசு மாதிரி ஒரு பேட்ஜைத் தூக்கிப் போடுவீர்களா?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'ஆறுதல் பரிசு' என்ற வார்த்தையில்தான் மொத்தக் கோளாறும். கொடியை இறக்கச் சொன்ன ஹெரால்டும் மனதுக்குள் அதையேதான் நினைக்கிறார். கேடயம் உசத்தி, பேட்ஜ் மட்டம் என்று இரண்டு கட்சியும் ஒன்றாக நம்புகின்றன. அதனால்தான் ஒருவர் கேடயத்தைக் கேட்டு அடம்பிடிக்கிறார், இன்னொருவர் பேட்ஜ் என்று ஒன்று இருப்பதையே சொல்ல மறக்கிறார். இவர்கள் வேஷம் கட்டும் அதே மத்திய காலத்து வரலாறு இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கும்.

லண்டன் நேஷனல் கேலரியில் வில்டன் டிப்டிக் என்று ஒரு ஓவியம் இருக்கிறது. 1390களின் பிற்பகுதி. இங்கிலாந்து ராஜா இரண்டாம் ரிச்சர்ட் மண்டியிட்டு நிற்கிறார். எதிரே குழந்தையோடு மாதா, சுற்றி பதினோரு தேவதைகள். பதினோரு தேவதைகளின் மார்பிலும் ஒரு வெள்ளை மான். ரிச்சர்டின் பேட்ஜ் அது! சொர்க்கத்தையே தன் கட்சியில் சேர்த்துக்கொள்ள நினைத்த மனிதர் தேவதைகளுக்குக் கொடுத்தது தன் கேடயச் சின்னத்தை அல்ல. கேடயம் ஓவியத்தின் வெளிப்பக்கத்தில், ராஜாவின் விலாசம் மாதிரி, தனியாக இருக்கிறது. "இவர்கள் என் ஆட்கள்" என்று காட்ட வேண்டிய இடத்தில் பேட்ஜ்தான் வந்தது. கேடயம் ஓர் ஆளின், ஒரு வம்சத்தின் கையெழுத்து. பேட்ஜ் ஒரு கூட்டத்தின் முகம்.

அடுத்தவன் கையெழுத்தைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே காலத்தில் வழக்கு இருக்கிறது. நீலத்தில் தங்கப் பட்டை ஒன்று குறுக்கே போகும், அவ்வளவுதான் டிசைன். ஸ்க்ரோப் என்னுடையது என்றார், க்ரோவனர் என்னுடையது என்றார். 1385ல் தொடங்கி 1390 வரை இழுத்தது. நூற்றுக்கணக்கில் சாட்சிகள், அதில் ஒருவர் கவிஞர் சாசர். கடைசியில் ஸ்க்ரோபுக்குத் தீர்ப்பு. க்ரோவனர் குடும்பம் கோதுமைக் கட்டுக்கு மாறியது, இன்றுவரை அதுதான் அவர்கள் சின்னம். ஒரு பட்டைக்கு ஐந்து வருஷம்! எல்லாரும் பயன்படுத்துவதற்காகப் படைத்த பொருளாக இருந்தால் இப்படியா அடித்துக்கொள்வார்கள்?

பேட்ஜ் விஷயத்தில் கணக்கே வேறு. 1483ல் மூன்றாம் ரிச்சர்ட், தன் மகனுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் சூட்டும் விழாவுக்காக, வெள்ளைக் காட்டுப்பன்றி பேட்ஜ் ஆர்டர் கொடுக்கிறார். எத்தனை? 13,000. முரட்டுத் துணியில் செய்தது. இன்றைக்குக் கட்சி மாநாட்டுக்கு அச்சடிக்கும் தொப்பி மாதிரி மொத்தக் கொள்முதல். அதே பன்றியை வெள்ளியில் முலாம் பூசிச் செய்த ஒன்று, அவர் செத்து விழுந்த பாஸ்வொர்த் போர்க்களத்தில் 2009ல் கிடைத்தது. துணியில் தைத்துக்கொண்டவனுக்கும் வெள்ளியில் மாட்டிக்கொண்டவனுக்கும் ஒரே பன்றி. கேடயத்தில் இது நடக்குமா?

பேட்ஜ் மட்டமான சமாசாரமாக இருந்திருந்தால் பாராளுமன்றம் அதைப் பார்த்துப் பயந்திருக்காது. பெரிய மனுஷன்களின் பேட்ஜைக் குத்திக்கொண்டு ஊரில் அடாவடி பண்ணுகிறார்கள், நீதிபதியையே மிரட்டுகிறார்கள் என்று பொதுஜனப் பிரதிநிதிகள் புகார் மேல் புகார். 1388ல் கேம்பிரிட்ஜில் கூடியபோது பேட்ஜ்களையே ஒழிக்கச் சொன்னார்கள். 1390ல் யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று சட்டம். 1399ல் நான்காம் ஹென்றி ஆட்சியைப் பிடித்த கையோடு அதைவிடக் கடுமையாக இன்னொன்று. கூட்டத்தைக் கூட்டமாக ஆக்குவது எது என்று ஆள்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த 1399லேயே ஒரு குட்டிச் சம்பவம். ரிச்சர்ட் கவிழ்ந்தாயிற்று. நேற்றுவரை வெள்ளை மான் குத்தியவர்கள் அவசர அவசரமாகக் கழற்றி எறிகிறார்கள். (தேர்தல் ரிசல்ட் வந்த மறுநாள் கார்களிலிருந்து கொடி காணாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) தர்தாசோ என்ற வெளிநாட்டு வீரன் ஒருவன் மட்டும் கழற்ற மாட்டேன் என்று நின்றான். செஸ்டரில் சிறை வைத்தார்கள். பிற்பாடு அதே ஹென்றியிடம் வேலை பார்த்தான் என்பது வேறு கதை, வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அன்றைக்கு அந்தப் பேட்ஜைக் கழற்றாமல் இருப்பதற்கு ஒரு மனிதனிடம் காரணம் இருந்தது. ராஜாவே போய்விட்ட பிறகும்.

இங்கே ஹெரால்டு கட்சியில் அதிகம் படித்தவர்கள் ஒரு பாயின்ட் எடுப்பார்கள். "ஐயா, மத்திய காலத்தில் பேட்ஜ் குத்துவது என்றால் ஒருத்தனுக்கு வேலையாள் என்று அர்த்தம். குடிமக்கள் எல்லாருக்கும் பொதுவான பேட்ஜ் என்பதே எஸ்.சி.ஏ. கற்பனை." இங்கிலாந்துப் பிரபுக்களை மட்டும் பார்த்தால் பாதி உண்மை. இத்தாலிக்குப் போனால் நிற்காது. சியனா நகரத்தில் கொன்ட்ராதா என்று பதினேழு பேட்டைகள். நத்தை, கழுகு, ஆமை, காட்டுப்பன்றிப் பல் இல்லாத குறையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராணியோ பொருளோ சின்னம். ஜூலை 2, ஆகஸ்ட் 16 என்று வருஷம் இரண்டு முறை அந்தப் புகழ்பெற்ற குதிரைப் பந்தயம். பேட்டையில் பிறந்த குழந்தைக்கு, சர்ச் ஞானஸ்நானம் போக, பேட்டையின் நீரூற்றில் தனியாக ஒரு ஞானஸ்நானம் உண்டு. அப்போது கழுத்தில் கட்டுவது அந்தப் பேட்டையின் வண்ணத் துண்டு. அது எந்தப் பிரபு போட்ட பிச்சையும் இல்லை. வங்கி மேனேஜருக்கும் மீன் விற்பவருக்கும் ஒரே துண்டு. இந்தப் பழக்கம் அங்கே மியூசியத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது.

இங்கிலாந்திலேயே உதாரணம் வேண்டுமா? மான்செஸ்டர்.

அந்த நகராட்சிக்கு 1842ல் கேடயச் சின்னம் கொடுத்தார்கள். அதன் உச்சியில் ஒரு பூமி உருண்டை, அதன் மேல் தேனீக்கள். உழைக்கும் ஊர் என்று அர்த்தம். அந்த ஊரில் பேலஸ் ஆஃப் வெரைட்டீஸ் என்று ஒரு தியேட்டர், நகராட்சியின் கேடயச் சின்னத்தை எடுத்து மேடைத் திரைக்கு மேலும், கம்பெனி முத்திரையிலும் போட்டுக்கொண்டது. நகராட்சி கேஸ் போட்டது. சாதாரணக் கோர்ட்டில் இல்லை, கோர்ட் ஆஃப் ஷிவல்ரியில். ஸ்க்ரோப் வழக்கு நடந்த அதே வீரர் நீதிமன்றம்! இருநூறு வருஷத்துக்கும் மேலாகக் கூடாமல் தூங்கிக்கொண்டிருந்ததை 1954 டிசம்பரில் எழுப்பி உட்காரவைத்தார்கள். தியேட்டர் தோற்றது. ஊரின் கேடயம் ஊரில் இருப்பவர்கள் எல்லாருக்கும் சொந்தமில்லை, நகராட்சிக்குத்தான் என்று ஆயிற்று.

சரி, மான்செஸ்டர்க்காரர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்தார்களா? இல்லை. கேடயத்தை நகராட்சி வைத்துக்கொள்ளட்டும் என்று தேனீயை எடுத்துக்கொண்டார்கள். குப்பைத்தொட்டியில், சுவரில், மதுக்கடை போர்டில் என்று எங்கும் தேனீ. 2017 மே 22 அன்று அங்கே ஓர் இசை நிகழ்ச்சி முடிந்த நேரத்தில் குண்டு வெடித்து 22 பேர் செத்தார்கள், அதில் பலர் சின்னப் பிள்ளைகள். அடுத்த நாட்களில் அந்த ஊர் ஜனங்கள் டாட்டூ கடைகளில் வரிசையில் நின்றார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்டுவதற்காகத் தேனீ டாட்டூ. அதுவரை டாட்டூ பக்கமே போகாதவர்கள் எல்லாம் கையில் தேனீயோடு திரும்பினார்கள். யாரும் நகராட்சியின் முழுக் கேடயத்தையும் குத்திக்கொள்ளவில்லை. ஒரு கூட்டம் தன்னைக் கூட்டமாக உணரும்போது கை எதைத் தேடுகிறது பாருங்கள்.

இந்தியாவிலும் இதே ஏற்பாடுதான், யோசித்ததில்லை அவ்வளவே. நான்கு சிங்கச் சின்னத்தை லெட்டர் பேடில் இஷ்டத்துக்குப் போட முடியாது, அதற்கு 2005ல் தனிச் சட்டமே இருக்கிறது. அது அரசின் முத்திரை. ஆனால் மூவர்ணக் கொடியை வருஷம் முழுக்க வீட்டில் ஏற்றலாம். அதுவும் ஒரு காலத்தில் முடியாமல்தான் இருந்தது. தன் ஃபேக்டரியில் கொடி ஏற்றியதைத் தடுத்த அதிகாரிகளை எதிர்த்து நவீன் ஜிண்டால் கோர்ட்டுக்குப் போக, 2002ல் விதி தளர்ந்தது, 2004ல் உச்ச நீதிமன்றம் அதை உரிமை என்றே சொன்னது. சிங்கம் கிடைக்கவில்லையே என்று எந்தக் குடிமகனும் தன்னை இரண்டாந்தரமாக நினைத்துக் கண்ணீர் விடுவதில்லை. பி.காம். கம்பெனி லா பேப்பர் எழுதியவர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும்: கம்பெனியின் பொது முத்திரை வேறு, ஊழியர் சட்டையில் இருக்கும் லோகோ வேறு. முத்திரை பீரோவுக்குள் கிடக்கும், லோகோதான் தெருவில் நடக்கும். சொல்லப்போனால் 2015 திருத்தத்துக்குப் பிறகு முத்திரை இல்லாமலேயே கம்பெனி நடத்தலாம். லோகோ இல்லாமல் நடத்திப் பாருங்கள் பார்ப்போம்.

ஆகவே எதிர்க்கட்சிக்காரர்களே, ராஜா கேடயத்தைக் கேட்டு மல்லுக்கட்டுவதை விடுங்கள். அந்த ராஜா ஆறு மாதத்தில் அதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து கூடாரம் போடப் போகிறவர். அதுவரை அவருக்கே அது வாடகைக்கு வந்த பொருள். நீல டைகரை உங்களிடமிருந்து எந்த ராஜாவும் வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. எது உசத்தி?

ஆனால் இதைச் சொல்லிவிட்டு ஹெரால்டுகளைச் சும்மா விட்டால் அநியாயம். நிலைமை இப்படி ஆனதற்கு முக்கால்வாசிப் பொறுப்பு அவர்களுடையது. ஒவ்வொருவரும் தனித்தனிக் கேடயம் பதிவு செய்வதில் அவர்கள் காட்டும் சிரத்தையில், பொது பேட்ஜைக் கையில் கொடுப்பதற்குக் கால்வாசி காட்டினால் போதும். தனிக் கேடயம் என்பது பெயர், டிசைன், வேறு எதனோடும் இடிக்கிறதா என்ற சோதனை, ராஜ்யத்தின் மட்டத்தில் ஒரு பார்வை, தலைமையில் ஒரு பார்வை என்று மாதக்கணக்கில் நடக்கும் வேலை. திரும்பி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அந்தப் பெண் அதுவரை எதைக் கட்டுவாள்? வெறும் கம்பத்தையா? அதனால்தான் கூடாரத்துக்குக் கூடாரம் தனி ஆள் கொடி, தனிக் குழுக்களின் கொடி என்று பறக்கிறது, எல்லாரையும் சேர்த்துக் காட்டும் கொடியைத் தேட வேண்டியிருக்கிறது. பழகியவர்களுக்கு ஆளுக்கொரு அடையாளம் இருக்கிறது. அடையாளமில்லாமல் நிற்பவர் எப்போதும் புதியவர்தான்.

போர்க்களத்தில் இன்னும் வேடிக்கை. நூற்றுக்கணக்கானவர்கள் மோதும் பெரிய சண்டைகளில் யார் எந்தப் பக்கம் என்று தெரிய ஹெல்மெட்டில் கலர் டேப் ஒட்டிக்கொள்கிறார்கள். மத்திய காலத்தைத் தத்ரூபமாகக் காட்டுகிறோம் என்பவர்களின் தலையில் ஹார்டுவேர் கடை டேப்! 1471 ஏப்ரல் 14, பார்னெட்டில் மூடுபனி. ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் ஆட்கள் மேல் கதிர் வீசும் நட்சத்திர பேட்ஜ். எதிரி நான்காம் எட்வர்டின் பேட்ஜ் கதிர் வீசும் சூரியன். பனியில் நட்சத்திரம் சூரியனாகத் தெரிய, சொந்தக் கூட்டாளி வார்விக்கின் ஆட்களே அவர்கள் மேல் அம்பு விட்டார்கள் என்று வார்க்வொர்த் பெயரில் வழங்கும் குறிப்பு சொல்கிறது. துரோகம் துரோகம் என்று கூச்சல், படை உடைந்தது, வார்விக் செத்தார். பேட்ஜைப் பார்த்துத்தான் வெட்டுவதா விடுவதா என்று முடிவு செய்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். பாதுகாப்புக்கு டேப் இருக்கட்டும், தப்பில்லை. அதன் மேலே ஒரு டைகரையும் டிராகனையும் போட என்ன கேடு?

இதெல்லாம் அழகு சம்பந்தப்பட்ட விஷயம்தானே என்று இன்னும் யாராவது நினைத்தால், 2018 தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவின் கய்ட் ராஜ்யத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பட்டத்தில் இருந்த ராஜாவும் ராணியும் சபையில் உடுத்திய அங்கியின் கரையில் ஸ்வஸ்திகாவும், கூடவே ஹிட்லர் வாழ்த்தைக் குறிக்கும் இரட்டை 'எச்' எழுத்தும் நெய்திருந்தது. படம் வெளியே வந்ததும் கொதித்துப்போனது கூட்டம். பழைய நார்ஸ் நெசவில் ஸ்வஸ்திகா இருந்ததே என்று சிலர் ஜல்லியடித்தார்கள். இருந்தது உண்மைதான். வடநாட்டு வியாபாரியின் புதுக்கணக்கு நோட்டில்கூட இருக்கிறது, அங்கே அது லட்சுமி. ஆனால் சின்னத்துக்கு அர்த்தம் போட்டுக்கொண்டவன் மனதில் இல்லை, பார்ப்பவன் கண்ணில் இருக்கிறது. தாத்தா பாட்டியை முகாமில் பறிகொடுத்த யூதர் ஒருவர் அந்தச் சபையில் மண்டியிட நேர்ந்தால் அவருக்கு 6ஆம் நூற்றாண்டு நெசவா ஞாபகம் வரும்? இத்தனைக்கும் எஸ்.சி.ஏ. ஹெரால்டுகளின் விதியிலேயே ஸ்வஸ்திகாவைப் பதிவு செய்ய முடியாது. ராஜாவும் ராணியும் பதவி விலகினார்கள்.

அந்த வாரம் வெட்கப்பட்டது அவர்கள் இரண்டு பேர் மட்டுமா? அந்த ராஜ்யத்தின் பேட்ஜைச் சட்டையில் தைத்த அத்தனை பேரும் நண்பர்களுக்கும் ஆபீஸுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சின்னம் ராஜாவின் சொத்து என்றால் இவர்களுக்கு என்ன வந்தது, அது அவர் பாடு என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எங்கள் பேரில் இதை நீ செய்யக்கூடாது என்று குச்சி பிடிக்கத் தெரியாதவர்கள்கூடக் கேட்டார்கள். கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது? அந்தத் துண்டுத் துணியிலிருந்துதான் வந்தது. பேட்ஜை ஆறுதல் பரிசு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லை. கொடியை இறக்கச் சொல்லப் போகும் ஹெரால்டு வெறுங்கையோடு போகக்கூடாது, அவ்வளவுதான். ஒரு கையில் "இது ராஜாவுடையது" என்றால் மறு கையில் "இது உங்களுடையது" என்று ஒன்று இருக்க வேண்டும். ஒவ்வொரு விழாவிலும் நுழையும் இடத்தில் உள்ளே விட்டதற்கு அடையாளமாக ஏதோ ஒரு சின்ன டோக்கனைக் கழுத்தில் மாட்டி அனுப்புகிறார்கள், அது இரண்டு நாளில் குப்பைக்குப் போகிறது. அதே மேஜையில் அட்டையில் வெட்டிய டைகர் ஸ்டென்சில் ஒன்று, ஒரு டப்பா நீலப் பெயின்ட், இரண்டு பிரஷ், முழம் முழமாகக் கிழித்து வைத்த காடாத் துணி. புதிதாக வருகிறவர் பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும்.